படத்தைப் போட்டு ‘குறை சொல்லுங்கள்’ என்று கேட்ட அனுபவம்

குளத்துப்படி:
மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றைப் படியில் உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைந்தேன். முகநூலில் போட்டு, ‘குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்’ என்று எழுதினேன். ‘அருமை’, ‘சூப்பர் சார்’ என்று வரிசையாக வந்தது. ஒரு பெரியவர் மட்டும், ‘தம்பி, நிழல் வெயிலுக்குச் சாயும். தண்ணீரில் தெரியும் பிம்பம் சாயாது, நேர் கீழேதான் விழும்’ என்றார். நான் இரண்டையுமே சாய்த்திருந்தேன். அத்தனை பாராட்டுக்கு நடுவில் அது முள்ளாக உறுத்தியது. அவர் கருத்தை நீக்கிவிட்டேன். நாலு நாள் கழித்து அதே படியில் போய்ப் பார்த்தால், அவர் சொன்னது அப்படியே. நன்றி சொல்ல அவர் பெயர்கூட நினைவில்லை.

தங்கரேக்கு:
அதற்காக இவ்வளவு வருந்தாதீர்கள் அண்ணா. எல்லார் முன்னாலும் குறை கேட்பது யாருக்கும் வலிக்கும். நான் தஞ்சாவூர் ஓவியம் செய்கிறேன். மக்கு வேலை, அதாவது தங்க ரேக்கு (தங்கத் தாள்) ஒட்டுவதற்கு அடியில் பசையால் மேடு எழுப்புவது, சரியாக எழும்பியிருக்கிறதா என்று கேட்கத்தான் ஆலிலைக் கிருஷ்ணனைப் பாதியில் இன்ஸ்டாகிராமில் போட்டேன். கண்ணைக் கடைசியில்தானே திறப்போம்? ‘கண் வரையத் தெரியாதா?’ என்று ஒருவர் கேட்க, அதற்குக் கீழே ஒரே சிரிப்பு. மக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று ராத்திரியே அவசரமாகக் கண்ணைத் திறந்தேன். வலது கண் இன்றும் கொஞ்சம் மேலே நிற்கிறது. அந்தப் படத்தை விற்க மனம் வரவில்லை.

கரித்துண்டு:
தங்கரேக்கு சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரியவர் பொதுவில் சொன்னதால்தானே இன்று நாங்களும் கற்றுக்கொண்டோம்? சிரித்தவர்களையும் அவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

என் கதை சின்னது. குண்டு பல்பு வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் போட்டேன். ‘மஞ்சள் அதிகம்’ என்று ஐந்தாறு பேர் சொன்னதும் படத்தின் மேல் நீல வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) கொடுத்தேன். காலையில் பார்த்தால் மொத்தமும் பாசி பிடித்த மாதிரி. மஞ்சள் பல்பில் இருந்தது, படத்தில் இல்லை.

அதனால் சொல்கிறேன். பகலில், ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் படாமல் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், தங்க ரேக்கு வெள்ளையாக அடித்துவிடும். ஓரத்தில் காகிதத்தின் வெள்ளை கொஞ்சம் தெரியட்டும், நிறம் மாறினால் அதில் தெரிந்துவிடும். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’தான் வரும். ‘இந்தத் தூணின் நிழல் சரியா?’ என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். பாதிப் படம் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

தங்கரேக்கு:
முதல் வரியில்தான் எழுதியிருந்தேன். யாரும் படிக்கவில்லை.

குளத்துப்படி:
மண்டபத்தை மறுபடி முகநூலில் போட்டிருக்கிறேன், பிம்பத்தைத் திருத்தாமல். அவர் சொன்னதை என் நினைவில் இருந்தவரை கீழே எழுதியிருக்கிறேன். அவர் கண்ணில் பட வேண்டும்.