முட்டி வலியோடு 12 நாள் ஐரோப்பா குழுச் சுற்றுலா: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். எனக்கு 68, அவளுக்கு 65. செப்டம்பரில் வழிகாட்டியோடு போகும் ஒரு குழுச் சுற்றுலாவைப் பார்த்து வைத்திருக்கிறோம். பாரிஸ், லூசெர்ன், வெனிஸ், ஃபிளாரன்ஸ், கடைசியில் ரோம். 12 நாள், 6 ஹோட்டல். முன்பணம் கட்ட இன்னும் 10 நாள்தான் இருக்கிறது.

சிக்கல் அவளுடைய முட்டி. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பாள். பத்துப் படிக்கு மேல் ஏறினால் அன்றிரவு வீக்கம். வெனிஸிலோ பஸ் ஊருக்குள் வராது, பாலத்துக்குப் பாலம் படிதான். ரோமில் கொலோசியத்துக்குள் லிஃப்ட் உண்டு, ஆனால் வெளியே கல் பாவிய தெருக்கள். எனக்கு ரத்த அழுத்தம் மட்டும். சுவிட்சர்லாந்தில் 3,454 மீட்டர் உயரத்தில், ரயிலில் போகும் மலைமேல் இடமான யுங்ஃபிராவ்யோக்குக்கு மெதுவாக நடந்தால் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நடை என்று நிறுவனத்திடம் மூன்று முறை கேட்டேன். "மிதமான நடை" என்பதே பதில். யாருக்கு மிதம்? அப்புறம், தனியாகவே போகலாமா என்று ரயில் நேரங்களைப் பார்த்தேன். பெட்டிகளை யார் தூக்குவது என்ற இடத்தில் அந்த யோசனை நின்றுவிட்டது. இந்த நாடுகளுக்கான ஷெங்கன் விசா கேட்கும் 30,000 யூரோ காப்பீட்டையும் விசாரித்தேன். எனக்கு வந்த பாலிசியில் ஏற்கெனவே உள்ள முட்டித் தொல்லை சேராது.

முட்டி வலியோடு இப்படிக் குழுவில் போனவர்களே, வெனிஸ், ரோம் நாட்களில் குழுவோடு ஈடுகொடுத்து நடக்க முடிந்ததா, இல்லை பாதியில் உட்கார வேண்டியதாயிற்றா?