காப்பக நிதி கேட்கும் மனு: பெற்றோரும் காப்பகம் நடத்துபவர்களும் சேர்ந்து நிற்கலாமா?

தொட்டில்கயிறு:
குழந்தைகள் காப்பகங்களுக்கு அரசு நிதி கேட்டு நாங்கள் சில பெற்றோர் ஒரு மனு எழுதியிருக்கிறோம். காப்பகத்தை நடத்துபவரும் அங்கே வேலை பார்ப்பவர்களும் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் பெற்றோரில் பாதிப் பேர், "கட்டணத்தை ஏற்றுகிறவரோடு நாம் ஏன் சேர வேண்டும்?" என்று விலகி நிற்கிறார்கள். சேர்ந்துதான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. நாம் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி, அவர்கள் சம்பளத்தை உயர்த்தச் சொல்லித் தனித்தனியாகப் போனால், ஒருவரிடம் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நேர்க்கணக்கு:
நான் மனுவுக்கே எதிர். என் மனைவி வேலையை விட்டுவிட்டு ஆறு வருடம் இரண்டு பிள்ளைகளை வீட்டில் வளர்த்தாள். அந்த ஆறு வருடச் சம்பளத்தை யாரும் ஈடு செய்யவில்லை. பணி அனுபவத்தில் விழுந்த பள்ளம் இன்றும் அப்படியே இருக்கிறது. இப்போது அடுத்தவர் பிள்ளையின் காப்பகக் கட்டணத்துக்கு எங்கள் வரியா? கொடுப்பதென்றால் எல்லாப் பெற்றோர் கையிலும் கொடுங்கள். காப்பகமா வீடா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். காப்பகத்திடம் கொடுத்தால் அது கட்டணத்தோடு கரைந்துவிடும்.

அந்திவாசல்:
பதினொரு வருடமாகக் காப்பகம் நடத்துகிறேன். உங்கள் மனைவியின் ஆறு வருடத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன் ஐயா. அவர் தனியாகச் சுமந்த வேலையைத்தான் என் ஊழியர்களும் செய்கிறார்கள். கணக்கை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

கைக்குழந்தைகள் அறையில் நான்கு பேருக்கு ஒருவர் என்பது பல இடங்களில் விதி. காப்பகம் பத்து மணி நேரம் திறந்திருக்கிறது, ஒருவரின் வேலை நேரமோ எட்டு மணி. ஆக, ஒன்றேகால் ஆளின் சம்பளத்தை நான்கு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வாடகை, காப்பீடு, சாப்பாடு, துப்புரவு எல்லாம் அதற்கு மேல். இந்த வேலையைச் சீக்கிரம் முடிக்க எந்த இயந்திரமும் இல்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் அழுதாலும் கைகள் இரண்டுதான்.

போன மாதம் ஓர் ஊழியர் விலகினார். கடையில் பில் போடும் வேலையில் கூடுதல் சம்பளம், போகாதே என்று எப்படிச் சொல்வேன்? அவர் தோளில் மட்டுமே தூங்கும் பதினான்கு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. மூன்று நாள் மதியத்தில் அது கண் மூடவே இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கும். கட்டணத்தை ஏற்றியிருந்தால் அவரை நிறுத்தி வைத்திருக்கலாம். ஆனால் இரண்டு குடும்பங்கள் குழந்தையை நிறுத்தியிருப்பார்கள்.

நேர்க்கணக்கு:
அந்தக் குழந்தையை நினைத்தால் மனது கஷ்டப்படத்தான் செய்கிறது. ஆனாலும் நிதி வந்தால் எல்லாம் சரியாகிவிடாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1997-இல் காப்பகக் கட்டணம் ஒரு நாளைக்கு 5 டாலர் என்று தொடங்கினார்கள். இடம் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியல்தான் நீண்டது. பேக்கர், குரூபர், மில்லிகன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். தாய்மார் வேலைக்குப் போவது கூடியது, ஆனால் பிள்ளைகளின் நடத்தையிலும் உடல்நலத்திலும் பின்னடைவு தெரிந்தது என்கிறார்கள்.

பழையஏடு:
அந்த ஆய்வைப் படித்திருக்கிறேன், ஒதுக்கித் தள்ளக்கூடியது இல்லை. ஆனால் அதே கியூபெக்கைப் பற்றிப் பியர் ஃபோர்டேனும் கூட்டாளிகளும் போட்ட கணக்கும் இருக்கிறது. 2008-இல் அந்தத் திட்டத்தால் சுமார் 70,000 தாய்மார் கூடுதலாக வேலையில் இருந்தார்கள், அவர்களால் வந்த வரி திட்டத்தின் செலவைத் தாண்டியது என்பது அவர்கள் முடிவு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது: விலையை மட்டும் குறைத்து இடங்களை அவசரமாகக் கூட்டினால் தரம் அடிபடும். அதனால்தான் குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவர்கள் கோரிக்கை எழுதும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

மனு போட்டு என்ன ஆகும் என்பவர்களுக்கு இரண்டு சம்பவம். அமெரிக்காவில் 1971-இல் நாடு தழுவிய குழந்தைப் பராமரிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. டிசம்பரில் அதிபர் நிக்சன் அதை ரத்து அதிகாரத்தால் தடுத்தார். அத்தோடு அது முடிந்தது. அதே நாட்டில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பெற்றோரும் காப்பகத்தாரும் பல வருடம் விடாமல் வீடு வீடாகப் போனார்கள். தடையாக நின்ற மாநில மேலவை (செனட்) நிதிக் குழுத் தலைவர் 2020-இல் சொந்தக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றார். 2022 நவம்பரில், எண்ணெய், எரிவாயு வருமானம் சேரும் மாநிலத்தின் நிரந்தர நிதியிலிருந்து கூடுதல் பங்கு எடுக்கலாமா என்று மக்களிடமே கேட்டபோது சுமார் 70 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். 2025 நவம்பர் முதல் வருமான வரம்பில்லாமல் எல்லாக் குடும்பங்களுக்கும் இலவசம் என்று அந்த மாநிலம் அறிவித்தது.

நேர்க்கணக்கு:
அங்கே எண்ணெய்ப் பணம் இருக்கிறது. இல்லாத ஊரில்?

பழையஏடு:
அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான வெர்மாண்டில் எண்ணெய் இல்லை. 2023-இல் காப்பக நிதிக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள், ஆளுநர் தடுத்தார், சட்டமன்றம் அந்தத் தடையை மீறி நிறைவேற்றியது. சம்பளத்தில் 0.44 சதவீதம் வரி, அதில் குறைந்தது முக்கால் பங்கு முதலாளி கட்ட வேண்டும். பிள்ளை பெற்றவர் வேலைக்கு வருவதால் நிறுவனத்துக்கும் லாபம் இருக்கிறதே.

ஒற்றைவிளக்கு:
நான் தனியாகப் பிள்ளை வளர்ப்பவள். நிதி வேண்டும், ஆனால் சேர்ந்து நிற்க எனக்குப் பயம். 2022 மே 9 அன்று அமெரிக்காவில் பல காப்பகங்கள் கோரிக்கைக்காக ஒரு நாள் மூடின. இங்கே அப்படி மூடினால் எனக்கு அன்றைய கூலி போய்விடும், அடுத்த நாள் வேலையும் போகலாம். அப்புறம், லாபத்துக்கென்றே நடத்தும் பெரிய காப்பகங்களும் இதே மனுவில் கையெழுத்துப் போடுமே, அந்தப் பணம் யாருக்குப் போகும்? வரவு செலவைக் காட்டாதவருக்கு என் கையெழுத்து கிடையாது.

அந்திவாசல்:
நியாயமான கேள்வி சகோதரி. மூடுவதில் எனக்கும் உடன்பாடில்லை. ஒரு நாள் என்றாலும் அடி விழுவது உங்களைப் போன்றவர்கள் மேல்தான். கணக்கைப் பொறுத்தவரை, திங்கட்கிழமை எங்கள் நுழைவாயில் பலகையில் போன மாத வரவு செலவை ஒட்டுகிறேன், என் சம்பளம் உட்பட.

தொட்டில்கயிறு:
அப்படியானால் மனுவில் இரண்டு வாக்கியம் சேர்க்கிறேன். நிதி பெறும் காப்பகம் கணக்கை வெளியிட வேண்டும். வரும் பணத்தில் ஊழியர் சம்பளத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே ஒதுக்க வேண்டும். நேர்க்கணக்கு ஐயா, வீட்டில் வளர்ப்பவர்களுக்கும் உதவி என்பதைச் சேர்த்தால் வருவீர்களா?

நேர்க்கணக்கு:
கையெழுத்து இப்போதைக்கு இல்லை. வரி விஷயத்தில் என் மனம் மாறவில்லை. ஆனால் வீட்டில் வளர்ப்பவர்களைப் பற்றிய அந்த வாக்கியத்தைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். 'வேலைக்குப் போகாத தாய்மார்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், என் மனைவி செய்ததும் வேலைதான். அந்திவாசல் அம்மா, அந்தக் குழந்தை இப்போது தூங்குகிறதா?

அந்திவாசல்:
தூங்குகிறது ஐயா. புதிதாக வந்தவர் மடியில், இருபது நிமிடம்.

ஒற்றைவிளக்கு:
திங்கட்கிழமை பலகையைப் பார்த்துவிட்டு வருகிறேன். பேனா எடுத்து வருவேன்.