கிழிதிறன், மலர்வேகம்: வேட்டைக் குண்டுக்கு இரண்டு சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம். வேட்டைத் துப்பாக்கிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> பாலிஸ்டிக் கோயெஃபிஷியன்ட் = காற்றுத்தடைக் குணகம். சரியா?

சரிப்படாது. டிராக் கோயெஃபிஷியன்ட்டைத்தான் தடைக் குணகம் என்று எழுதி வருகிறோம். அது கூடினால் குண்டு சீக்கிரம் வேகம் இழக்கும். பாலிஸ்டிக் கோயெஃபிஷியன்ட்டோ கூடக்கூட, குண்டு காற்றில் போகும்போது அதன் வேகத்தைக் காப்பாற்றும். பெயரை நம்பி எண் குறைந்த குண்டை ஒருவர் தேடிப் போனால் பழி நம் மேல்தான்.

குண்டின் எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து, வருவதை வடிவக் காரணியால் (குண்டின் வடிவம் ஒரு மாதிரிக் குண்டோடு ஒப்பிட எவ்வளவு காற்றுத்தடை தருகிறது என்ற எண்) மறுபடி வகுத்தால் இந்த எண் கிடைக்கும். ஒரே விட்டத்தில் கனமாக, நீளமாக, முனை கூராக இருந்தால் எண் ஏறும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது என்கிறோமே, அதே குணம். ஆகவே 'கிழிதிறன்' என்கிறேன். கடத்துதிறன் இருக்கும்போது இது ஒன்றும் விநோதமில்லை. எந்த மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டது என்று காட்ட, பக்கத்தில் ஜி1, ஜி7 என்று அளவீட்டையும் போட வேண்டும். ஒரே குண்டுக்கு ஜி7 எண் ஜி1 எண்ணில் ஏறக்குறைய பாதிதான் வரும். அது தெரியாமல் இரண்டு குண்டுகளை ஒப்பிட்டால் குழப்பம்.

இன்னொன்று: தோட்டா என்பது உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. 'தோட்டா பாய்ந்தது' என்று செய்தியில் எழுதலாம், இங்கே வேண்டாம். பாய்வது குண்டு. ஈழத்து வழக்கில் சன்னம் என்கிறார்கள். நல்ல சொல், அடைப்புக்குள் கொடுக்கலாம்.

இனி எனக்கு முக்கியமாகப்படுவது. தொலைவில் சுடும் வேட்டைக்காரருக்குக் கிழிதிறன் மட்டும் போதாது. குண்டு விலங்கைத் தொடும்போது முனை விரிய வேண்டும்; விரியாவிட்டால் ஊசிபோல் துளைத்து வெளியேறும், விலங்கு காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். விரிவதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். வழக்கமான வேட்டைக் குண்டுகள் பலவற்றுக்கு அது நொடிக்கு 1,800 அடி அளவில் இருக்கும். நெடுந்தூரத்துக்கென்று செய்தவற்றில் சில 1,300, 1,400 அடியிலும் விரியும். எவ்வளவு தூரம் வரை சுடலாம் என்பதைக் கண் பார்வையோ கைத்திறனோ மட்டும் முடிவு செய்வதில்லை, இந்த எண்ணும் முடிவு செய்கிறது. இதற்கு ஒரே சொல்லாகப் பெயர் வேண்டாமா?

'விரிவேகம்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். உலோகம் விரிவது என்றாலே சூட்டில் விரிவதுதான் பள்ளிப் பாடத்திலிருந்து மனத்தில் நிற்கிறது. முனை விரிவதை ஆங்கிலத்தில் காளானாவது (மஷ்ரூமிங்) என்பார்கள்; அதைப் பின்பற்றிக் காளான் என்றால், நம்மிடம் காளான் கண்ட இடத்தில் முளைப்பதற்குத்தான் உவமை. 'பிளவேகம்' என்றால் குண்டு சிதறுவதாகப் பொருள்படும், அது வேறு கோளாறு.

சுட்டபின் எடுத்த செம்புக் குண்டு ஒன்று என் மேசையில் கிடக்கிறது. முன்பாதி நான்காகப் பிரிந்து பின்னோக்கிச் சுருண்டிருக்கிறது. அடிப்பாகத்தில் துப்பாக்கிக் குழலின் உள்ளே இருக்கும் சுழல்வரிகளின் கீறல் அப்படியே. அந்த நான்கையும் சுடுபவர்களே இதழ் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் 'மலர்வேகம்', 'மலர்குண்டு'. கொல்கிற பொருளுக்குப் பூவின் பெயரா என்று ஒருவர் கேட்பார். இதழ் வந்தபின் மலரைத் தடுப்பானேன்?

குண்டின் எடையைச் சொல்லும் ஆங்கில அலகான கிரெயினை 'நெல்லெடை' ஆக்க வேண்டாம். நம் வாய்பாட்டில் 4 நெல் ஒரு குன்றிமணி, கணக்கு உதைக்கும். கிரெயின் கிரெயினாகவே இருக்கட்டும்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: 'கிழிதிறன் மிகுந்த குண்டாக இருந்தாலும் 600 மீட்டரில் மலர்வேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் சுடாதீர்கள்.' உறுத்தவில்லை.

மலர்வதற்காக முனையில் துளை வைத்த வேட்டைக் குண்டுக்கு (ஹாலோ பாயின்ட்) 'துளைமுனை' என்பது மட்டும் எனக்கு இன்னும் இடிக்கிறது. இலக்குப் போட்டிக் குண்டுகள் பலவற்றிலும் முனையில் சிறு துளை உண்டு. அது குண்டைப் போர்த்தியிருக்கும் உலோக உறையைப் பின்னாலிருந்து முன்னோக்கி இழுத்துச் செய்வதால் மிஞ்சுவது, மலர்வதற்காக வைத்ததில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் படிப்பவர் போட்டிக் குண்டோடு காட்டுக்குப் போய்விடுவார். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.