வீட்டு நோயாளிக்குத் தடுப்பூசி போடலாமா? அவசரம், கோத்தகிரி

சிஸ்டர்_கோத்தகிரி: ஏஜென்சி மூலம் ஒரு பாட்டி வீட்டில் டியூட்டி. மகன் மெடிக்கலில் ஊசி வாங்கி வந்து, "நீங்கதான் நர்ஸாச்சே, போட்டு விடுங்க" என்கிறார். சட்டப்படி பிரச்சினை வருமா? சீக்கிரம் சொல்லுங்கள், ஊசி மேசைமேல் இருக்கிறது.

மலைக்காற்று: என்ன ஊசி? டாக்டர் சீட்டு இருக்கிறதா?

தேயிலைக்காடு: டாக்டர் பக்கத்தில் இல்லாமல் போடவே கூடாது. 2008ல் திருவள்ளூரில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்த பிறகு வந்த சட்டம்.

பழைய_பார்மசிஸ்ட்: கேட்பதை ஒழுங்காகக் கேளுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? ஜிஎன்எம் என்ற நர்ஸிங் டிப்ளமாவா, ஏஎன்எம் என்ற துணை நர்ஸ் படிப்பா, ஆறு மாத சர்டிபிகேட்டா? நர்ஸிங் கவுன்சில் பதிவு உண்டா? தேயிலைக்காடு தம்பி, அது சட்டம் இல்லை. அரசுத் தடுப்பூசிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் முன்னால் போடச் சொன்ன உத்தரவு. 2021ல் படுக்கையில் கிடந்தவர்களுக்குக் கொரோனா ஊசி வீடு தேடிப் போனதே, மறந்துவிட்டதா?

மலைக்காற்று: அதிருக்கட்டும், மேசைமேலா? ஃபிரிட்ஜில் வையுங்கள் சிஸ்டர்!

தேயிலைக்காடு: நம்ம குளிருக்கு ஃபிரிட்ஜ் எதற்கு? குன்னூரில் தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வைத்ததே குளிருக்காகத்தான்.

பழைய_பார்மசிஸ்ட்: 1907ல் வெறிநாய்க்கடி வைத்தியத்துக்காக வைத்தது. 2 முதல் 8 டிகிரி என்றால் அதுதான் கணக்கு, உங்கள் வீட்டுத் திண்ணை இல்லை.

தேயிலைக்காடு: ஜனவரியில் ஊட்டிக்கு வந்து பாருங்கள், புல்லெல்லாம் உறைபனி.

மலைக்காற்று: உறைந்தால் பல ஊசிகள் கெட்டுவிடும் அண்ணா. ஃப்ரீசர் பக்கம்கூட வைக்கக் கூடாது.

வீட்டு_நர்ஸ்: சிஸ்டர், இவர்களை விடுங்கள். ஊசியை எழுதுவது டாக்டர், எழுதியதைப் போடுவது பதிவு பெற்ற நர்ஸ். ஊசியின் பெயர், அளவு, எந்த வழி (தசையிலா, தோலடியிலா), டாக்டரின் பதிவு எண், கையெழுத்து எல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் நான் தொடவே மாட்டேன். அலர்ஜி வந்தால் போட அட்ரினலினும் அளவோடு எழுதி வாங்குவேன். குப்பியின் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் நோட்டில் குறித்துக்கொண்டு, போட்டபின் அரை மணி நேரம் பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். டீ வந்தாலும் எழுந்து போக மாட்டேன்!

சிஸ்டர்_கோத்தகிரி: ஜிஎன்எம், பதிவு இருக்கிறது. நிமோனியா ஊசி. சீட்டு இல்லை. கேட்டதில் காலையிலிருந்து ஸ்கூட்டர் டிக்கியில் இருந்ததாம். போடவில்லை, மகனுக்குக் கோபம். நாளை டாக்டர் வருகிறார். கரண்ட் போய்விட்டது, அப்புறம் வருகிறேன்.

தேயிலைக்காடு: டிக்கியும் குளிராகத்தான் இருந்திருக்கும்.