ஃபயர் டேம்பர்கள் உண்மையிலேயே மூடுகின்றனவா என்று எப்படிச் சோதிப்பது?

கோவைப் பராமரிப்பாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஆறு மாடி மருத்துவமனை ஒன்றின் பராமரிப்புப் பொறுப்பை நான்கு மாதங்களுக்கு முன் ஏற்றேன். வரைபடத்தின்படி, ஏ.சி. டக்டுகள் (காற்றுக் குழாய்கள்) தீத்தடுப்புச் சுவர்களையும் தளங்களையும் கடக்கும் இடங்களில் 58 ஃபயர் டேம்பர்கள், அதாவது தீயின்போது டக்டை மூடித் தீ பரவாமல் தடுக்கும் தகட்டுக் கதவுகள், இருக்க வேண்டும். அவற்றுள் 22 மோட்டாரில் இயங்குபவை; மற்றவை, தகடுகளைப் பிடித்து நிறுத்தும் லிங்க் என்ற சிறு உலோக இணைப்பு வெப்பத்தில் உருகியதும் தகடுகள் இறங்கி மூடிக்கொள்ளும் திரை வகை. கட்டடம் திறந்த நாள் முதல் இவற்றை யாரேனும் இயக்கிப் பார்த்ததாக ஒரு வரிப் பதிவுகூட இல்லை.

சென்ற வாரம் மூன்றாம் தளத்தில் ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி, டக்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மடிந்து நிற்கும் தகடுகளுக்கிடையே தூசு பஞ்சுபோல் அடைந்திருந்தது. லிங்க் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி வைத்திருந்தார்கள். எப்போதோ லிங்க் அறுந்து, வார்டுக்குக் காற்று வராமல் போக, மாற்று லிங்க் கையில் இல்லாத யாரோ அப்படிக் கட்டியிருக்க வேண்டும். அன்று இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

இவற்றை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், நோயாளிகள் படுத்திருக்கும்போதே இந்த வேலையை எப்படிச் செய்வது, கட்டுப்பாட்டுப் பலகையில் நல்ல நிலையில் இருப்பதாகக் காட்டும் மோட்டார் டேம்பர்களை இப்போதைக்கு விட்டுவிடலாமா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சென்னை ஏ.சி. பொறியாளர்

வணக்கம் ஐயா. முதலில் அந்தக் கட்டுக்கம்பியை இன்றே அகற்றுங்கள். ஃபியூசிபிள் லிங்க் பொதுவாக 72 பாகை செல்சியஸில் விட்டுவிடும். இரும்புக் கம்பி உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை வேண்டும். அதற்கு வெகு முன்பே அந்தத் தளம் முழுவதும் புகையால் நிறைந்திருக்கும். புதிய லிங்க் வாங்கும்போது வெப்ப அளவோடு, அது தாங்கும் எடையும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் பூசப்பட்ட லிங்க்கையும் பச்சை பூத்த லிங்க்கையும் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

கால இடைவெளியைப் பொறுத்தவரை நாடுகளிடையே வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 80 விதி, நிறுவிய ஓராண்டில் முதல் சோதனையையும், பின்னர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், மருத்துவமனைகளில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கேட்கிறது, பிரிட்டனின் பி.எஸ். 9999 ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. நம் ஊர்த் தூசுக்கு நான் பிரிட்டன் வழியையே பரிந்துரைப்பேன். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தீத்தடுப்புச் சுவர்களிலும், டக்டுகள் தளங்களைக் கடக்கும் இடங்களிலும், மாடிகளை ஊடுருவிச் செல்லும் செங்குத்துக் குழிகளுக்குள் (ஷாஃப்ட்) நுழையும் இடங்களிலும் டேம்பர் வேண்டும் என்கிறது. சோதனைக்கும் பழுதுபார்ப்புக்கும் எட்டும்படி அவை இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே சீலிங்கில் வழி இல்லாத இடங்களில் வழி வெட்டித் தருமாறு நிர்வாகத்திடம் நீங்கள் உரிமையோடு கேட்கலாம்.

திரை வகையைச் சோதிக்கும்போது, டக்டுக்குள் காற்றைத் தள்ளும் இயந்திரமான ஏ.எச்.யூ.வை நிறுத்திவிடுங்கள். மின்விசிறி ஓடும்போது டேம்பர் சட்டென்று மூடினால், அழுத்தம் தாங்காமல் டக்டே நசுங்கவோ பிளக்கவோ கூடும். லிங்க்கைக் கழற்றும் நேரத்தில் விரல்கள் தகடுகளின் பாதையில் இருக்கக் கூடாது. பெரிய டேம்பர் கத்திபோல் இறங்கும். தகடுகள் கடைசிவரை இறங்கி, சட்டத்தின் அடியில் இடைவெளியின்றி அமர்ந்தால்தான் தேர்ச்சி. தளத்தில் படுக்கை நிலையில் பொருத்தியவற்றைச் சுருள்வில் இழுத்து மூடும். அவற்றின் வில்லும் கொக்கியும் துருவின்றி இருக்கின்றனவா என்று தனியே பாருங்கள். சுத்தம் செய்யத் தூரிகையும் வாக்குவமும் போதும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். இரண்டே மாதத்தில் தூசோடு சேர்ந்து பசையாகிவிடும்.

மோட்டார் டேம்பர்களை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடவே கூடாது என்பதுதான். ஓர் அலுவலகக் கட்டடத்தில் மூடும் கட்டளை கொடுத்ததும், பலகையில் எல்லா டேம்பர்களும் ‘மூடியது’ என்று காட்டின. ஒன்றைத் திறந்து பார்த்தபோது அதன் தகடுகள் முழுவதும் திறந்தே கிடந்தன. மோட்டாரை, தகடுகளைத் திருப்பும் தண்டோடு பிணைக்கும் கவ்வி தளர்ந்து, மோட்டார் மட்டும் சுழன்று தண்டு நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. பலகைக்குச் செய்தி அனுப்பும் சுவிட்ச் மோட்டாரின் உள்ளே இருந்ததால், அது தன் சுழற்சியை மட்டுமே அறிவித்தது. ஆகவே மின்சாரத்தைத் துண்டித்து, வில்லின் விசையால் தகடுகள் மூடுவதை ஒவ்வொரு டேம்பரிலும் கண்ணால் பாருங்கள். தண்டின் முனையில் தகட்டின் திசையைக் காட்டும் கோடு இல்லையென்றால் அன்றே ஒன்று கீறிவிடுங்கள். அடுத்த முறை வேலை எளிதாகும்.

மதுரை மருத்துவமனைப் பொறியாளர்

மேலே கூறப்பட்ட அனைத்தும் சரி. மருத்துவமனை என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். சீலிங்கைத் திறந்தால் ஆண்டுக்கணக்கான தூசு கொட்டும். அதில் உள்ள பூஞ்சை வித்துகள், எதிர்ப்பு சக்தி குன்றிய நோயாளிகளுக்கு உயிராபத்தாகலாம். நோய்த்தொற்றுத் தடுப்புக் குழுவிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, வேலை நடக்கும் இடத்தைத் தரை முதல் சீலிங் வரை பிளாஸ்டிக் திரையால் மறைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அறுவை அரங்கின் டேம்பர்களை, அரங்கை மூடிக் கிருமி நீக்கம் செய்யும் நாளுக்கு முந்தைய இரவில்தான் தொடுவோம். ஐ.சி.யூ.வில் ஒரே நாளில் இரண்டு டேம்பர்களுக்கு மேல் செய்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. தீ எரியும் இடத்திலிருந்து தொலைவு செல்லச் செல்லப் புகை ஆறிவிடும். 72 பாகையை எட்டாத புகைக்கு லிங்க் அசையாது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் பற்றிய தீயில் ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் மேல் தளங்களில் படுத்திருந்த நோயாளிகள்; அவர்களின் உயிரைப் பறித்தது புகைதான். எனவே அறைக் காற்றை ஏ.எச்.யூ.வுக்குத் திரும்ப எடுத்துச்செல்லும் டக்டில் உள்ள புகை உணர்கருவி ஏ.எச்.யூ.வை நிறுத்துகிறதா, மோட்டார் டேம்பர்களை மூடுகிறதா என்பதையும் சோதனைப் புகை கொண்டு பார்த்துவிடுங்கள்.

டக்ட் வேலை செய்பவர்

நான் இருபது ஆண்டுகளாக டக்ட் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். டேம்பர் மூடினாலும் பயனில்லாத இடங்கள் உண்டு. டேம்பர் சுவரின் தடிமனுக்குள் அமர வேண்டும். சுவரைவிட்டு ஓரடி தள்ளித் தொங்கினால், தீயில் டக்ட் தொய்ந்து விழும்போது டேம்பரும் கூடவே போய்விடும். சுவரில் ஓட்டைதான் மிஞ்சும். சுவருக்கும் டேம்பரின் உறைக்கும் இடையிலான சந்தில் சிமென்ட் பூச்சோ சாதாரண ஃபோமோ இருந்தால், டேம்பர் தயாரிப்பாளர் சோதித்துக் காட்டிய முறைப்படிதான் அடைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கேன்டீன் சமையல் புகைபோக்கி டக்டில் யாராவது சாதாரண ஃபயர் டேம்பர் வைத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு அதில் படிந்து, அதுவே தீக்கு இரையாகும். அங்கே தனியான தீத்தடுப்பு டக்ட்தான் முறை.

கோவைப் பராமரிப்பாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஏ.எச்.யூ. அறைகளை ஒட்டிய ஒன்பது டேம்பர்களைத் திறந்து பார்த்தோம். ஐந்து முழுமையாக மூடின. இரண்டு தூசால் பாதியில் நின்று, சுத்தம் செய்தபின் மூடின. ஒன்றின் சட்டம் துருவேறி வளைந்திருப்பதால் மாற்றியே ஆக வேண்டும். ஒன்பதாவது மோட்டார் வகை. ஐயா சொன்னதுபோலவே கவ்வி தளர்ந்திருந்தது, பலகையோ அது மூடிவிட்டதாகக் காட்டியது. ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் படம் எடுத்து, தேதியோடு பதிவேட்டில் சேர்த்துவருகிறேன். வளைந்த டேம்பர் இருக்கும் சுவரின் மறுபுறம் குழந்தைகள் வார்டு. புதியது வர மூன்று வாரமாகும் என்கிறார்கள். அதுவரை என்ன செய்யலாம்?

சென்னை ஏ.சி. பொறியாளர்

அந்த டக்டின் ஏ.எச்.யூ.வை நிறுத்தி, திறப்பைத் தீத்தடுப்புப் பலகையால் அடைத்துவிட்டு, குழந்தைகளை வேறு வார்டுக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவக் கண்காணிப்பாளரிடம் இன்றே கேளுங்கள். முடியாதென்றால், மூன்று வாரமும் அந்தத் தளத்தில் இரவுக் காவலுக்கு ஓர் ஆளைக் கூடுதலாக நிறுத்தி, டேம்பர் பழுதாக இருப்பதை எழுத்தில் கண்காணிப்பாளருக்குத் தெரிவித்துக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.