பிராங்கியப் பறவை புரோச்: கல்லுக்கு அடியில் மெழுகு ஏறாமல் தடுக்க வழி உண்டா?

6-ஆம் நூற்றாண்டு பிராங்கியப் பெண்கள் (இன்றைய பிரான்ஸ், மேற்கு ஜெர்மனிப் பகுதிகளில் வாழ்ந்த ஜெர்மானிய மக்கள்) மேலங்கியைக் கோத்துக்கொண்ட பறவை வடிவ புரோச் (அலங்கார ஊசி) ஒன்றுக்கு மாதிரி செய்கிறோம். வளைந்த அலகு, மடித்த சிறகு, நீளம் 3.5 செ.மீ. வெள்ளி வார்ப்பும் முலாமும் முடிந்துவிட்டன. மூலத்தில் பாதரச முலாம். புகை நஞ்சு என்பதால் நாங்கள் மின்முலாம் போட்டோம்.

சிக்கல் கண்ணிலும் சிறகிலும் பதிக்கும் கார்னெட் என்ற சிவப்புக் கல்லில்தான். (அக்காலக் கற்களில் பெரும்பங்கு இந்தியா, இலங்கையிலிருந்து போனவை.) 1 மி.மீ. தடிமனுள்ள கல்லுக்கு அடியில், கட்டம் அச்சடித்த தங்கத் தகடு வைத்தால்தான் சிவப்பு எரியும். இல்லாவிட்டால் கறுத்துக் கிடக்கும். தகட்டின் தடிமன் 0.03 மி.மீ.தான்; வெண்கல அச்சில் அழுத்தும்போது கட்ட முனைகளில் கிழிந்தது. காய்ச்சி ஆறவைத்து, தோல் வைத்து அழுத்தியதும் சரியானது.

ஆனால் அடியில் நிரப்பும் தேன்மெழுகு–சுண்ணப்பொடிக் கலவை, கல்லை அழுத்தும்போது ஓரமாகக் கசிந்து தகட்டின் மேல் ஏறுகிறது. பள்ளங்கள் அடைபட்டு மினுக்கம் செத்துவிடுகிறது. எபாக்சி பசை இன்னும் மோசம், கழற்றவும் முடியாது.

தகட்டின் ஓரத்தைக் கிண்ணம்போல மேலே மடித்துப் பார்த்தவர்கள் உண்டா? கலவையில் சுண்ணம் எத்தனை பங்கு? அரக்கில் கெம்புக்கல் பதிப்பவர்கள் சொன்னால் மிகவும் உதவும்.