ரெடி-மிக்ஸ் சிலாப்பில் மறுநாளே விரிசல்: லாரியில் தண்ணீர் விட்டதுதான் காரணமா?

வீடுகட்டி:
ரூஃப் சிலாப், 5 அங்குலக் கனம், எம்25 (கான்கிரீட் பலத்தைக் குறிக்கும் தரம்) ரெடி-மிக்ஸ். நல்ல வெயிலில் பம்ப் வைத்துப் போட்டோம், காற்றும் அதிகம். சாயங்காலமே மேலே மெல்லிய கோடுகள் தெரிந்தன. காலையில் பார்த்தால் அங்கங்கே முழ நீளத்துக்கு விரிசல். இரண்டாவது லாரி ரொம்ப நேரம் நின்று கலவை கெட்டியாகிவிட்டதால், டிரைவர் டிரம்மில் ஹோஸைப் போட்டுத் தண்ணீர் விட்டார். அதனால்தான் விரிசலா? "ரெடி-மிக்ஸ்னாலே இப்படித்தான், சிமெண்ட் பால் ஊத்தினா சரியாயிடும்" என்கிறார் மேஸ்திரி. இடிக்க வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

சைட் இன்ஜினியர்:
இடிக்கிற பேச்சை இப்போதே எடுக்காதீங்க சார். கோடுகள் கம்பிக்கு நேர் மேலே, கம்பி இடைவெளியிலேயே வருகின்றனவா? இரண்டாவது லாரி போட்ட இடத்தில் மட்டும்தானா?

வீடுகட்டி:
கம்பியோடு சம்பந்தமே இல்லை. குறுக்காக, கிட்டத்தட்ட இணையாக ஓடுகின்றன. எல்லா லாரி இடத்திலும் இருக்கின்றன. சுவர் நிழல் விழும் ஓரத்தில் மட்டும் குறைவு.

சைட் இன்ஜினியர்:
அப்படியானால் இது பெரும்பாலும் ஈரம் காய்ந்த விரிசல். கான்கிரீட் இறுகும் முன் உள்ளிருந்து கொஞ்சம் தண்ணீர் மேலே கசியும். அதைவிட வேகமாக வெயிலும் காற்றும் உறிஞ்சினால் மேல்தோல் சுருங்கிப் பிளக்கும். சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோ அளவுக்கு ஆவியானாலே ஆபத்து என்பது பொதுவான கணக்கு. ரெடி-மிக்ஸில் இறுகலைத் தள்ளிப்போடும் அட்மிக்சர் (சேர்க்கை மருந்து) இருக்கும், பல கலவைகளில் ஃபிளை ஆஷும் (நிலக்கரிச் சாம்பல்) இருக்கும். இளசாகவே அதிக நேரம் வெயிலில் கிடக்கும். அந்த அளவுக்கு மேஸ்திரி சொல்வதில் பாதி உண்மை.

தண்ணீர் விவகாரம் தனி. அதுதான் எனக்குக் கவலை. எவ்வளவு விட்டார்?

வீடுகட்டி:
அளக்கவில்லை. 6 கனமீட்டர் லாரி. 100 லிட்டர் இருக்கலாம்.

சைட் இன்ஜினியர்:
கனமீட்டருக்கு 17 லிட்டர் கூடுதல். 320 கிலோ சிமெண்டுக்கு 160 லிட்டர் என்று கலவை வடிவமைத்திருந்தால், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.50-லிருந்து 0.55-க்குப் போய்விடும். பலம் குறையும், எம்25-ஐத் தொடாமலும் போகலாம். கலவை தயாரிக்கும் பிளாண்டில் எடுத்த கியூப் (பலம் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி) ரிப்போர்ட்டைக் காட்டி "பாஸ்" என்பார்கள். அந்தக் கியூப் தண்ணீர் விடுவதற்கு முந்தைய கலவை, உங்கள் இரண்டாவது லாரிக்கு அது சாட்சி ஆகாது. அந்த லாரி எந்த இடத்தில் கொட்டியது என்று இப்போதே பிளானில் குறித்து வையுங்கள். டெலிவரி சலானையும் பத்திரப்படுத்துங்கள், கலந்த நேரம் அதில் இருக்கும். 28 நாள் கழித்து அந்த இடத்தில் ரீபவுண்ட் ஹேமர் (மேற்பரப்பில் தட்டிப் பலத்தை மதிப்பிடும் கருவி) வைத்து மற்ற இடத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் கோர் (துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கம்பிக்காரன்:
சிமெண்ட் பால் வேண்டாம் அண்ணே. நூலிழை விரிசலுக்குள் அது இறங்காது, மேலே படிந்து பிறகு உரிந்து வரும். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குங்க, ஃபிளை ஆஷ் கலவை என்றால் குறைந்தது 10 நாள். சென்ட்ரிங் (கீழே தாங்கும் பலகை, முட்டு) பிரித்தபின் கீழே ஈரம் தெரிகிற இடத்தில் மட்டும் தண்ணீர் போல இளகலான எபாக்சி (பிசின்) விட்டு அடைக்கலாம். மீதியை மேலே போடும் நீர்க்காப்புப் பூச்சு பார்த்துக்கொள்ளும்.

அடுத்த தளத்துக்கு: கோடு தெரிந்தபோது கான்கிரீட் இளசாக இருந்தால் மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்தாலே மூடிக்கொள்ளும். உடனே பாலிதீன் விரித்து மூடணும். லாரி இடைவெளியைப் பம்ப் வேகத்துக்கு ஏற்ற மாதிரி பேசி வைங்க. கெட்டியானால் பிளாண்டுக்குப் போன் பண்ணி அவர்கள் ஆளை வைத்து கலவையை இளக்கும் அட்மிக்சர் விடச் சொல்லுங்க.

வீடுகட்டி:
பாத்தி கட்டியாச்சு. சென்ட்ரிங்கை எப்போது பிரிக்கலாம்? மேஸ்திரி அவசரப்படுத்துகிறார்.

சைட் இன்ஜினியர்:
இரண்டாவது லாரி இடத்தில் முட்டுகளை மட்டும் கடைசிவரை விட்டு வையுங்கள். மற்ற இடத்துக்கு உங்கள் டிசைன் இன்ஜினியர் எழுத்தில் சொன்னபின் பிரிக்கலாம்.